பழைய இன்ஜினுக்குப் புது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: போல்ட் மாட்டின பிறகுதான் வேலையே

(திரையில்: ஸ்டாண்டில் பழைய வி8 இன்ஜின். பக்கத்தில் தரையில் கியர்பாக்ஸ்.)

கார்புரேட்டர் வச்ச பழைய இன்ஜின். கம்ப்யூட்டர் சொன்னாத்தான் கியர் மாத்துற ஆட்டோமேட்டிக் பாக்ஸ். ரெண்டும் சேருமான்னு கேட்டா, எல்லாரும் முதல்ல பார்க்கிறது போல்ட் ஓட்டையைத்தான். ஓட்டை சேரலைன்னா அடாப்டர் பிளேட் வாங்கிக்கலாம். அது செலவு, அவ்வளவுதான். ஓட்டை சேர்ந்துடுச்சுன்னா தான் நான் பயப்படுவேன்.

ஷெவர்லே வி8-ஐ எடுத்துக்கோங்க. 1955-ல வந்த ஸ்மால் பிளாக், 1997-ல வந்த எல்எஸ். பின்பக்க ஓட்டைங்க பெரும்பாலும் ஒண்ணா இருக்கும். ஆனா கிராங்க் (இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டு) முனையில இருக்கிற பிளாஞ்ச்ங்கிற வட்டத் தட்டு, பெரும்பாலான எல்எஸ் இன்ஜின்ல சுமார் 10 மில்லிமீட்டர் உள்ள தள்ளி இருக்கும். பார்த்தா கண்ணுக்குத் தெரியாது. அளந்தாத்தான் தெரியும்.

(திரையில்: டார்க் கன்வெர்ட்டரின் கழுத்து, நெருக்கமாக.)

அந்த 10 மில்லிமீட்டர் ஏன் முக்கியம்? இன்ஜின் சுத்துறதை ஆயில் வழியா பாக்ஸுக்குக் கடத்துறது டார்க் கன்வெர்ட்டர். அது பாக்ஸுக்குள்ள எவ்வளவு ஆழமா உக்காரும்ங்கிறது அந்த பிளாஞ்ச் இருக்கிற இடத்தைப் பொறுத்தது. கன்வெர்ட்டரோட இந்தக் கழுத்துதான் கியர்பாக்ஸோட ஆயில் பம்ப்பைச் சுத்துது. கன்வெர்ட்டரை உள்ள தள்ளிக்கிட்டே மெதுவா சுத்துங்க. டொக், டொக்னு படிப்படியா இறங்கும். முதல் டொக்கோட நிறுத்திட்டு, மிச்சத்தை போல்ட் இழுத்துக்கும்னு நினைச்சா, பம்ப் உடையும். போல்ட் இருக்கிறது பிடிச்சு வைக்க. இழுத்துச் சேர்க்க இல்ல.

பெல் ஹவுசிங் (இன்ஜினோட சேர்ற பாக்ஸோட முன்பக்கக் கூடு) கையாலேயே இன்ஜின் பிளாக்கோட ஒட்டி உக்காரணும். அதுக்கப்புறம் கன்வெர்ட்டர் தனியா, லேசா சுத்தணும். அதுக்கும் பிளெக்ஸ் பிளேட்டுக்கும் (கிராங்க் பிளாஞ்ச்ல மாட்டுற மெல்லிய தட்டு; கன்வெர்ட்டரை இதோடதான் போல்ட் பண்ணுவாங்க) நடுவுல பொதுவா 3-லிருந்து 5 மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளியே இல்லையா? நிறுத்திடுங்க, பம்ப் நசுங்குது. ரொம்ப அதிகமா? கழுத்து பம்ப்பை முழுசா பிடிக்காது, இடைவெளியை நிரப்புற ஸ்பேசர் வேணும். சரியான அளவு உங்க பாக்ஸோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

பிளெக்ஸ் பிளேட்டுல ஒரே ஒரு எச்சரிக்கை. ஷெவர்லே 400 மாதிரி சில பழைய இன்ஜினுக்கு, பேலன்ஸ் எடையில ஒரு பகுதி பிளேட்டுலதான் இருக்கும். எடை இல்லாத பிளேட்டை மாட்டினா இன்ஜின் ஆடியே தீர்த்துடும்.

(திரையில்: கார்புரேட்டர் லிங்கேஜ், கூடவே வயரிங் கட்டு.)

இப்போ நிஜமான சிக்கல். உள்ள இருக்கிற கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது ஆயில் பிரஷர். இன்ஜின் எவ்வளவு இழுக்குதோ அதுக்கேத்த பிரஷர் வேணும். ஜிஎம் கம்பெனியோட பழைய 700ஆர்4 ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு அந்தச் சேதியைக் கொண்டு போனது கார்புரேட்டர்லேர்ந்து போன ஒரு கேபிள். அதே குடும்பத்துல 1993-ல வந்த 4எல்60ஈ-ல கேபிளைத் தூக்கிட்டாங்க. கம்ப்யூட்டர் த்ராட்டில் சென்சாரை (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்றது) படிச்சு பிரஷரை முடிவு பண்ணும். பழைய கார்புரேட்டர்ல அந்த சென்சாரே கிடையாது.

வயரே மாட்டாம விட்டா? பிரஷர் உச்சத்துல நிக்கும், வண்டி மூணாவது கியர்லயே கிளம்பும். ஓட்ட நல்லா இருக்காது, ஆனா பாக்ஸைக் காப்பாத்த யோசிச்சுச் செஞ்ச ஏற்பாடு. அதைவிட மோசம், சென்சாரைத் தப்பா செட் பண்றது. நீங்க முழுசா மிதிக்கிறீங்க. சென்சார் பாதின்னு சொல்லுது. பிரஷர் குறையும், பிளேட் வழுக்கும், கருகும்.

தீர்வு: கார்புரேட்டர் லிங்கேஜ்ல (ஆக்ஸிலரேட்டரை கார்புரேட்டரோட இணைக்கிற கம்பி) த்ராட்டில் சென்சார், பாக்ஸுக்குத் தனி கன்ட்ரோலர், இக்னிஷன்லேர்ந்து ஆர்பிஎம் சிக்னல். பிரேக் சுவிட்ச்சையும் இணைங்க. இல்லேன்னா, பிரேக் அடிக்கிறப்போ லாக்கப் (கன்வெர்ட்டரை நேரடியா பூட்டுற கிளட்ச்) விடாம இன்ஜின் நின்னு போகலாம்.

இன்னும் புது பாக்ஸுகள்ல, கியர் மாறுற நொடியில 'கொஞ்சம் டார்க்கைக் குறை'ன்னு பாக்ஸே இன்ஜின் கம்ப்யூட்டரைக் கேட்கும். கார்புரேட்டர் எங்கேர்ந்து பதில் சொல்லும்? அதனால என் கருத்து: முதல்ல கன்ட்ரோலர் கிடைக்குதான்னு பாருங்க, அப்புறம் பாக்ஸை வாங்குங்க.

(திரையில்: லேப்டாப்பில் சென்சார் அளவு.)

எல்லாம் மாட்டியாச்சு. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம ஒருத்தரை உக்கார வச்சு ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கச் சொல்லுங்க. கார்புரேட்டர் முழுசா திறக்குதா, அதே நேரம் லேப்டாப்ல 100 காட்டுதா? 80-லயே நின்னா, லிங்கேஜைச் சரி பண்ணிட்டு மறுபடி மிதிக்கச் சொல்லுங்க.