பையை அவளே கட்டட்டும்

(சாரணியர், அதாவது கேர்ள் கைட்ஸ் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோர்களுக்கும், முன்வரிசையில் ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டே இருக்கும் சாரணியர்களுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "கல்விப் பயணத்தின் பயன்கள்". அதை அப்படியே பேசினால் பத்தே நிமிடத்தில் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எனக்கும் கொட்டாவி வரும். அதனால் பச்மரிக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

பச்மரி மத்தியப் பிரதேசத்தில், சாத்பூரா மலைமேல் இருக்கிற ஊர். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையமும், மலையேற்றம் மாதிரி சாகசங்களைச் சொல்லித்தரும் நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. சென்ட்ரலில் கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் ஏறி இட்டார்சியில் இறங்கவேண்டும். ஜபல்பூர் பாதையில் இன்னொரு ரயில் பிடித்தால் பிபரியா. அப்புறம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலைப் பயணம். இந்தியாவில் சாரணியர் இயக்கம் 1911இல் தொடங்கியது அந்த ஜபல்பூரில்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு அரையாண்டு விடுமுறையில் 16 பெண்களோடு நானும் இன்னொரு ஆசிரியையும் கிளம்பினோம். கிளம்புவதற்கு முன் இதே மாதிரி ஒரு கூட்டம். ஒரு அப்பா எழுந்து, "துணைக்கு ஒரு ஆம்பளை வரவேண்டாமா டீச்சர்?" என்றார். "வரலாம் சார், ஆனா அவருக்கும் சேர்த்து இந்தப் பிள்ளைகள்தானே சமைக்கணும்" என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

அம்மாக்களின் கவலை வேறு. கூட்டம் கலைந்தபிறகு ஓரமாக வந்து, குரலைத் தாழ்த்தி, "தேதி அந்த வாரத்துல வருதே டீச்சர்" என்பார்கள். நியாயமான கவலைதான். ரயில் கழிவறை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயணத்தில் தாமரை அணியின் சாமான் பொறுப்பு 14 வயதுப் பெண் ஒருத்தியிடம் இருந்தது. அவள் எழுதிய பட்டியலை இன்னும் வைத்திருக்கிறேன். உப்பு, சீரகம், நாப்கின் நாலு பாக்கெட், பழைய செய்தித்தாள், மூடி போட்ட டப்பா, வெந்நீர்ப் பை, கொசுவத்தி. சீரகத்துக்கும் கொசுவத்திக்கும் நடுவே அது பாட்டுக்கு இருந்தது. நாம்தான் குரலைத் தாழ்த்துகிறோம்.

சாரணியத்தில் எல்லாம் அணியாகத்தான். எங்களுடையது எட்டு எட்டுப் பேராக இரண்டு அணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி. டிக்கெட் எடுப்பது, பள்ளி அனுமதி, முதலுதவிப் பெட்டி, இவை மூன்றும் என் பொறுப்பு. சாப்பாட்டுக் காசு, கணக்கு, யார் எந்தப் படுக்கை, எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிப்பது, எல்லாம் அவர்கள் கையில். பள்ளிச் சுற்றுலா என்று நாம் நடத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கு, வரிசையில் நில், எண்ணு, ஏறு. அணைக்கட்டைப் பார்த்ததாகக் குறிப்பேட்டில் எழுது. ஆட்டை எண்ணுவதற்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நாக்பூர் வந்தது. ஆரஞ்சு! ஜன்னல் வழியே கூடை கூடையாக நீட்டுகிறார்கள். தாமரை அணி அன்றைய இரவுச் சாப்பாட்டுக் காசில் பாதியை ஆரஞ்சில் போட்டுவிட்டது. இட்டார்சியில் இறங்கினால், பிபரியா போகும் ரயில் நாலு மணி நேரம் தாமதம். கையில் காசு குறைவு, பசி அதிகம். இரண்டு தலைவிகளும் பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து பேசினார்கள். ரோஜா அணி கடன் கொடுக்கலாமா, கொடுத்தால் எதற்கு ஈடாக? நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். என் பர்ஸில் காசு இருந்தது. அதை எடுக்காமல் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், மலையேறுவதைவிடக் கஷ்டம். கடைசியில் ரோஜா அணி கடன் கொடுத்தது. தாமரை அணி இரண்டு நாள் பாத்திரம் தேய்ப்பதாக ஒப்பந்தம்.

ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்று விசாரிக்க, இந்தி பிராத்மிக் பரீட்சை பாஸ் செய்திருந்த பெண்ணை அனுப்பினார்கள். அவள் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த மாதிரி ஒரு வாக்கியம் சொல்ல, அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டே கடகடவென்று பதில் சொல்லிவிட்டார். ஒன்றும் புரியாமல் திரும்பினாள். கூடப்போன இன்னொருத்திக்கு இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவள் பேனாவை நீட்டி உள்ளங்கையைக் காட்ட, அவர் எண்ணை எழுதிவிட்டார். கையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பச்மரியில் கயிறு கட்டிப் பாறையில் இறங்கினார்கள், சுமார் 1,350 மீட்டர் உயரமுள்ள தூப்கட் சிகரத்தில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தார்கள். அதையெல்லாம் அவர்களே கதைகதையாகச் சொல்வார்கள், எனக்கு வேலையில்லை. நான் சொல்ல விரும்புவது சமையலை. பாத்திரம் இல்லாமல் சமைக்கவேண்டும் என்பது சாரணியப் பயிற்சியில் ஒன்று. உருளைக்கிழங்கைக் களிமண்ணில் பொதிந்து தணலில் புதைப்பார்கள். முட்டைக்கு? ஆரஞ்சைப் பாதியாக வெட்டி, சுளையைத் தின்றுவிட்டு, அந்தத் தோல் கிண்ணத்தில் முட்டையை உடைத்து ஊற்றித் தணலில் வைக்கலாம். தாமரை அணியிடம் மட்டும்தான் ஆரஞ்சு இருந்தது. அவ்வளவுதான், ஒப்பந்தம் தலைகீழாகிவிட்டது. எட்டுத் தோலுக்கு, பாக்கியிருந்த ஒருநாள் பாத்திரம் தேய்ப்பது தள்ளுபடி.

இந்தத் துணிச்சல் புதிதில்லை. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் கூட்டிய சாரணர் திரளுக்குச் சில சிறுமிகள் அழைக்காமலே வந்து, "நாங்களும் சாரணர்கள்தான்" என்று நின்றார்கள். அடுத்த வருடமே அவருடைய தங்கை ஆக்னஸ் பொறுப்பில் சாரணியர் இயக்கம் பிறந்தது. 1932இல் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில், ஹெலன் ஸ்டாரோ என்ற அமெரிக்கப் பெண்மணி கொடுத்த பணத்தில், உலகச் சாரணியர் வந்து தங்க ஒரு வீடு கட்டினார்கள். அதே மாதிரி ஒன்று 1966இல் நம் புனேயில் திறந்தது. பெயர் "சங்கம்". பல நாட்டுப் பெண்கள் வந்து தங்குகிறார்கள். நாம் விசா இல்லாமலே, ரயிலேறிப் போகக்கூடிய உலக மையம் அது ஒன்றுதான்.

இந்த வருடம் அங்கேதான் போகிறோம். படிவம் அதோ அந்த மேசையில் இருக்கிறது. ஒரு வேண்டுகோள். அதை நீங்கள் நிரப்பாதீர்கள், பெண்ணிடம் கொடுங்கள். ரத்தப் பிரிவு தெரியாவிட்டால் அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பையையும் அவளே கட்டட்டும். ஸ்வெட்டரை மறந்தால் குளிரட்டும், பக்கத்துப் படுக்கைக்காரியிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள். கையெழுத்து மட்டும் நீங்கள் போடுங்கள். அப்புறம், முறுக்கு டப்பா ஒன்று போதும். போன தடவை ஒரு வீட்டிலிருந்து ஆறு வந்தது.