பொழுது சாய்ந்தால் பயப்படும் குழந்தை

நேயர்களுக்கு வணக்கம். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் குழந்தைகளைப் பார்த்தே என் காலம் கழிந்தது. வைட்டமின் குறைவு என்றதும் எனக்கு ஒரு பாட்டியின் ஞாபகம்தான் வருகிறது.

பேத்திக்கு இருமல் என்று தூக்கி வந்தார். நான்கு வயது. மருந்து எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "பொழுது சாய்ந்தால் திண்ணையைவிட்டு இறங்கமாட்டாள் டாக்டர், சரியான பயந்தாங்கொள்ளி" என்றார். மறுபடியும் உட்காரச் சொன்னேன். குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன். கருவிழியை ஒட்டி, காதுப் பக்கமாக, வெள்ளை விழியில் சோப்பு நுரை காய்ந்தாற்போல் ஒரு திட்டு. மாலைக்கண்! வைட்டமின் ஏ குறைந்து, பொழுது சாய்ந்ததும் கண் தெரியாமல் போகும் நோய்.

விசாரித்தால், ஒரு மாதத்துக்கு முன் தட்டம்மை. அம்மை உடம்பிலிருக்கும் வைட்டமின் ஏ-யை உறிஞ்சிவிடும். அதோடு, அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்று வெறும் கஞ்சியாகவே கொடுத்திருக்கிறார்கள். கீரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. எண்ணெய்ப்பசை இல்லாமல் இந்தச் சத்து உடம்பில் சேராது. முருங்கைக்கீரையை வதக்கும்போது ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

அன்றே வைட்டமின் ஏ திரவத்தை வாயில் கொடுத்தோம், மறுநாளும் கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்தியில் அவள் வாசலில் கோழி விரட்டிக்கொண்டிருந்தாளாம். திட்டு மறையத்தான் சில வாரங்கள் ஆயின.

"எனக்குக் கண் தெரியவில்லை" என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். இருட்டில் தட்டைத் தடவும், வாசற்படியில் இடறும், அம்மாவின் முந்தானையை விடாது. இப்போது ஆறு மணிக்கே விளக்கைப் போட்டுவிடுகிறோம், இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. ஒரு நாள் விளக்குப் போடுமுன் குழந்தை நடமாடுவதைக் கவனியுங்கள். பயம் என்று நினைத்துத் திட்டாதீர்கள். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், அளவு மிஞ்சினால் கெடுதல்.

பெரியவர்களுக்கு வரும் வைட்டமின் பி12 குறைவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. உள்ளங்கால் எரிச்சல், நாக்கு சிவந்து வழவழப்பாவது, மறதி, இவை அதன் அறிகுறிகள். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் கால் மரத்துப்போனால், சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.