கா-பார் கத்தியின் வயதை அதன் அடிப்பக்கம் சொல்லும்

[காட்சி: கறுப்புத் துணிமேல் ஒரு பழைய கத்தி. கேமரா அலகின் நுனியிலிருந்து கைப்பிடிக்கு நகர்கிறது.]

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் (கடல்வழி வந்து தரையிறங்கிப் போரிடும் படை) வீரர்களின் இடுப்பில் தொங்கிய கத்தி இது. ஏழு அங்குல அலகு, தோல் வாஷர்களை அடுக்கி இறுக்கிய கைப்பிடி. பெயர் கா-பார். பழகிய சேகரிப்பாளர் ஒருவர் கையில் இதைக் கொடுத்துப் பாருங்கள். அலகைப் பார்க்கும் முன்பே தலைகீழாகத் திருப்பி, கைப்பிடியின் அடியில் இருக்கும் இரும்புக் குமிழைப் பார்ப்பார்.

அது ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதல் உலகப் போரின் கடைசியில் அமெரிக்கா வடிவமைத்த கத்தி எம்1918 மார்க் 1. விரல்களை நுழைத்துக்கொள்ள வளையங்கள் வைத்த பித்தளைப் பிடி, இருபுறமும் கூரான குத்துவாள் அலகு. பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் டப்பா திறக்கவோ புதர் வெட்டவோ அது உதவாது. அதனால் 1942ல் பசிபிக் தீவுகளுக்குப் போன பல மரைன்கள் சொந்த வேட்டைக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்கள். மேலதிகாரிகளும் கடைசியில் அதே வழிக்கு வந்தார்கள். வேட்டைக் கத்தியின் சாயலில் ஒரு கத்தி உருவாகி, 1942 நவம்பர் 23 அன்று ஏற்கப்பட்டது. பிறகு கடற்படையும் மார்க் 2 என்ற பெயரில் அதை எடுத்துக்கொண்டது.

[காட்சி: நியூயார்க் மாநில வரைபடம், நான்கு புள்ளிகள்.]

போர்க்காலத்தில் இதைச் செய்தவை கமிலஸ், யூனியன் கட்லெரி, ராப்சன், பால் ஆகிய நான்கு கம்பெனிகள். நான்குமே நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்தவை. 1943 ஜனவரியில் முதல் சரக்கை அனுப்பியது கமிலஸ். ஆனால் பெயர் தட்டிக்கொண்டு போனது யூனியன் கட்லெரி. கா-பார் என்ற தன் வணிகப் பெயரை அது அலகின் அடியில் பெரிதாக முத்திரை அடித்திருந்தது. வீரர்கள் எல்லாக் கத்தியையும் கா-பார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கமிலஸ்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

[காட்சி: மூன்று குமிழ்கள் அருகருகே, மிக நெருக்கத்தில்.]

சரி, குமிழுக்கு வருவோம். அலகின் வால்பகுதி கைப்பிடிக்குள் ஓடி, அடியில் குமிழோடு சேர்கிறது. ஆரம்பக் கத்திகளில் வாலுக்கு மரை வெட்டி, நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். அடுத்து வந்தவற்றில் வாலின் முனையையே சுத்தியலால் அடித்துப் பரப்பியிருப்பார்கள். போரின் பின்பகுதியில் அதுவும் போய், குமிழின் குறுக்கே ஒரு ஊசியைச் செருகிவிட்டார்கள். லட்சக்கணக்கில் கத்தி கேட்டால் தொழிற்சாலை வேறென்ன செய்யும்? வேலையைச் சுருக்கியது. கைப்பிடியின் இரு முனைகளிலும் ஆரம்பத்தில் இருந்த சிவப்பு வளையங்களும் இப்படித்தான் காணாமல் போயின. நட்டும் சிவப்பு வளையமும் சேர்ந்திருக்கும் கத்திக்கு இன்று விலை ஏறுவது அதனால்தான்.

அலகின் நீளத்துக்கு ஓடும் பள்ளத்தை ‘ரத்தம் வடியும் வாய்க்கால்’ என்று சொல்பவரிடம் வாதாட வேண்டாம். விறைப்பைப் பெரிதாக இழக்காமல் எடையைக் குறைக்கத்தான் அது.

[காட்சி: இருட்டறை. புற ஊதா விளக்கின் கீழ் ஒரு தோல் உறை.]

உறையையும் விட்டுவிடாதீர்கள். உறை செய்த பாய்ட் நிறுவனத்தின் பெயரும், 1943ஐக் குறிக்கும் 43 என்ற எண்ணும் பதிந்த தோல் உறையைத் தேடி அலைபவர்கள் உண்டு. அதனால் போலிகளும் உண்டு. இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துத் தையலைப் பாருங்கள். நூல் நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். நூலை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் சாயங்கள் பரவலானது போருக்குப் பிறகுதான். நவீன சோப்புப் பட்டாலும் மின்னும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நல்ல வேளை, மின்னாத நூலாலும் போலி தைக்கலாம் என்பது எல்லாப் போலிக்காரருக்கும் தெரிவதில்லை.

அப்புறம், அந்த உறைக்குள்ளேயே கத்தியை வைத்துவிடாதீர்கள். தோல் பதனிடும்போது சேர்ந்த அமிலமும் அது இழுக்கும் ஈரமும் எஃகை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும். தனித்தனியாக வைத்து, அலகுக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் போதும்.

இதைவிடப் பெரிய சேதம் நாமே செய்வது. அலகின் மங்கிய சாம்பல் நிறம் அழுக்கு அல்ல, பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சு. குத்துவிளக்கு விளக்குகிற உற்சாகத்தில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பில் பெரும்பகுதி அன்றே போய்விடும்.

[காட்சி: சாணை பிடித்து ஒல்லியான ஒரு அலகு, பக்கத்தில் முழு அலகு.]

முதல் கத்தி வாங்குகிறவர் நட்டுக் குமிழைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. போலி அதிகம் உலவுவது அந்த விலையில்தான். ஊசிக் குமிழ் வைத்த ஒரு கமிலஸ் மார்க் 2, முத்திரை தெளிவாக, அலகு சாணையில் தேயாமல், கைப்பிடித் தோல் சுருங்கி ஆடாமல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் சுங்க விதியையும் ஆயுதச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.