கேட்டுக்கு வெளியே இரண்டு எல்டர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தென் அமெரிக்காவில், சிலி நாட்டில், ஓரளவு பெரிய ஊர் எதற்குப் போனாலும் சரி, இரண்டு இளைஞர்கள் ஜோடியாகத் தெருவில் நடந்து போவதைப் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை, டை, முதுகில் பை, மழமழவென்று மழித்த முகம், மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. பட்டையில் 'எல்டர்', அதாவது மூப்பர், என்று போட்டுக் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். பெண்கள் என்றால் 'எர்மானா', அதாவது சகோதரி. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்காக வீடு வீடாகப் போய் மதம் பரப்பும் ஊழியர்கள் இவர்கள். அந்தச் சுருக்கப் பெயர் வேண்டாம் என்று 2018இல் சபையே கேட்டுக்கொண்டது. முழுப் பெயர் நீளம் என்பதால் இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

வேலை நிமித்தமாகக் கொன்செப்சியோன் நகரில் இருந்தபோது இப்படி இருவர் எங்கள் தெருக்கோடி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு அடிக்கடி சோறு போடும் அம்மாள் எனக்கும் பழக்கம். நான் பேசப் போவது அவர்களுடைய வேதத்தைப் பற்றி அல்ல, அந்தப் பிள்ளைகளின் அன்றாடப் பாட்டைப் பற்றி.

2012இல் சபை வயது வரம்பைக் குறைத்தது. அதிலிருந்து பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 18 வயதிலேயே பையன்கள் கிளம்பிவிடலாம். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். எந்த நாடு என்பதைச் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் தலைமையகம்தான் முடிவு செய்யும். சம்பளம் கிடையாது. அமெரிக்கப் பிள்ளை என்றால், குடும்பம்தான் மாதம் 400 டாலர் கட்ட வேண்டும் என்று இருந்தது, 2020 முதல் அது 500 ஆனது. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரிலோ மெக்சிகோ சிட்டியிலோ ஆறு வாரம் ஸ்பானிஷ் பயிற்சி, அப்புறம் விமானம். சிலிக்காரர்கள் பேசும் வேகத்தில் பாதி எழுத்து காணாமல் போகும். வந்திறங்கிய முதல் மாதம் பையன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, குளியல், வேதப் படிப்பு, மொழிப் படிப்பு, பிறகு தெரு. இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். நாட்டுக்கு நாடு அரை மணி முன்பின் இருக்கும், அவ்வளவுதான். தென் சிலியின் குளிர்கால மழை ஒருமுறை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. வீட்டுக்குள் இருக்கும் சூடு எல்லாம் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பின் சூடுதான். ஈரச் சப்பாத்தை அதன் பக்கத்தில் வைத்துக் காய வைப்பார்கள், மறுநாளும் பாதி ஈரத்தோடுதான் மாட்டிக்கொண்டு போவார்கள்.

அங்கே நேராகப் போய் வாசற்கதவைத் தட்ட முடியாது. வீட்டைச் சுற்றிக் கம்பி வேலி இருக்கும், உள்ளே நாய் இருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று 'ஆலோ!' என்று குரல் கொடுக்க வேண்டும். ஜன்னல் திரை கொஞ்சம் விலகும், டையைப் பார்த்ததும் மூடிக்கொள்ளும். சில வீடுகளில் அம்மா உள்ளே நின்றுகொண்டு, அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிக் குழந்தையை அனுப்பி வைப்பாள். இந்த விஷயத்தில் உலகம் முழுக்க ஒரே குடும்பம்தான் போலிருக்கிறது.

மதியம்தான் நல்ல நேரம். சபையைச் சேர்ந்த வீடுகள் முறை வைத்துச் சாப்பாடு போடும். நான் சொன்ன அம்மாளின் வீட்டில் பெரும்பாலும் கசுவேலா. ஆழமான தட்டு நிறைய ரசம் போன்ற சாறு. அதற்குள் ஒரு முழு உருளைக்கிழங்கு, பூசணித் துண்டு, குறுக்கே வெட்டிய சோளக்கதிர், ஒரு கோழித் தொடை. எல்டர்கள் சோளத்தைக் கையில் எடுப்பதா கரண்டியால் குத்துவதா என்று தெரியாமல் விழிப்பார்கள். அம்மாள் எதுவும் சொல்லாமல் தன் சோளத்தைக் கையில் எடுத்துக் கடித்துக் காட்டுவார். சாயங்காலச் சாப்பாடு இன்னும் சங்கடம். ரொட்டி, மசித்த அவகாடோ, கூடவே தேநீர். சிலி நாடே தேநீரில் மிதக்கும் அந்த வேளையில் இவர்களுக்குத் தேநீரும் கூடாது, காபியும் கூடாது. கேட்டால், வறுத்த வாற்கோதுமைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பார்கள். அம்மாள் அதற்கென்றே ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார்.

உண்மையான சோதனை கூட இருக்கும் ஜோடிதான் என்பது என் எண்ணம். குளியலறை நேரம் தவிர இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் கண்பார்வையில் மற்றவர் இருக்க வேண்டும். ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும், சில சமயம் அதே ஆளோடு அடுத்த ஆறு வாரமும் ஓட வேண்டியிருக்கும். ஒருவன் யூட்டாவில் வசதியான வீட்டுப் பையன், மற்றவன் பெருவிலோ பொலிவியாவிலோ பிறந்தவன். முதல்வனுக்கு முட்டை பொரிக்கத் தெரியாது, இரண்டாமவன்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் திங்கட்கிழமை. 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வருடத்துக்கு இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். இதை முன்பே செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன விளைந்தது? 1851இல் சபைத் தலைவர்களில் ஒருவரான பார்லி பி. பிராட் மனைவியோடு வால்பராய்சோவில் வந்து இறங்கினார். ஸ்பானிஷ் சரியாகத் தெரியாது. அங்கே பிறந்த அவர்களுடைய குழந்தை சில வாரங்களிலேயே இறந்துபோனது. ஒருவரைக்கூடச் சேர்க்க முடியாமல் அடுத்த வருடமே திரும்பிப் போனார்கள். நூறு வருடம் கழித்து, 1956இல்தான் மறுபடி ஊழியர்கள் வந்தார்கள். அதன்பின் வளர்ச்சி வேகம் பிடித்தது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலேயே முதல் மார்மன் கோயில் 1983இல் சான்டியாகோவில் திறக்கப்பட்டது. அதே எண்பதுகளில், இது அமெரிக்காவின் கை என்று சொல்லி அவர்களுடைய ஜெபக்கூடங்களுக்குக் குண்டு வைத்தவர்களும் உண்டு.

2002 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நான் மார்மன் என்று சொன்னவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். சபையின் பதிவேட்டிலோ ஐந்து லட்சத்துக்கு மேல். அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்து ஏட்டில் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் தங்கவில்லை. அதே வருடம் சபையின் பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்டைச் சான்டியாகோவுக்கே குடியனுப்பினார்கள். இரண்டு வருடம் அங்கே தங்கி நிலைமையைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

அதனால், இந்த ஏற்பாட்டில் உறுதியாக மதம் மாறுவது கதவைத் திறந்தவர் அல்ல, கேட்டுக்கு வெளியே நின்ற பையன்தான் என்று நினைக்கிறேன். ஊருக்குத் திரும்பும்போது அவனுக்கு வயது இருபது, இருபத்தொன்று. சரளமாக ஸ்பானிஷ் பேசுவான், முன்பின் தெரியாதவரோடு கூச்சமில்லாமல் பேச்சுக் கொடுப்பான், முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்றால் வாடமாட்டான். சபை இதைத் தன் கணக்கில் வரவு வைக்கிறதோ இல்லையோ, யூட்டாவின் நேரடி விற்பனைக் கம்பெனிகள் வைக்கின்றன. திரும்பி வந்த எல்டர்களைத் தேடிப் பிடித்து வேலைக்குச் சேர்ப்பார்கள். கோடைக்காலத்தில் அவர்களே வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்துச் சேவையும் சூரியமின் தகடும் விற்பார்கள். இப்போது கமிஷன் உண்டு.