பாதிப்பில்லை என்றவர்கள் யாரைப் பரிசோதித்தார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரி கிருமி ஆயுதம் வீசினால் அது எப்படிப் பரவும் என்று அறிய, பாதிப்பில்லாதது என்று கருதிய 'போலிக் கிருமி'களை அமெரிக்க ராணுவம் தன் ஊர்கள்மேலேயே ரகசியமாகப் பரப்பியது. "போலிக் கிருமியை ஊர்மேல் பரப்பிச் சோதித்தது நாட்டுக்குக் காவலே" என்று எதிரணி நண்பர் முழங்கினார். துரோகமே என்பது எங்கள் அணி. நண்பர் நம்பியிருப்பது ஒரே சொல்லை: 'பாதிப்பில்லாதது'. அதையே எடுத்துக்கொள்கிறேன்.

1950 செப்டம்பர், சான் பிரான்சிஸ்கோ. கடற்படைக் கப்பலிலிருந்து செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா நகரத்தின் பக்கம் பரப்பப்பட்டது. சிவப்பாக வளரும், எளிதில் அடையாளம் காணலாம். தேர்ந்தெடுத்த காரணம் அதுதான். 43 இடங்களில் காற்றுமாதிரி எடுத்தார்கள். கிருமியை எண்ணினார்கள் ஐயா, நோயாளியை எண்ணவில்லை! எந்த மருத்துவமனைக்கும் ஒரு வரித் தகவல்கூடப் போகவில்லை.

அடுத்த மாதமே ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனையில் 11 பேருக்கு அதே கிருமித் தொற்று. புராஸ்டேட் அறுவை முடிந்து தேறிவந்த முதியவர் ஒருவருக்கு அது இதய வால்வில் போய் உட்கார்ந்தது, அவர் இறந்தார். அபூர்வமாக இருக்கிறதே என்று மருத்துவர்கள் 1951-இல் கட்டுரையே எழுதினார்கள். சோதனை நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"ஒரே மருத்துவமனைதானே, எல்லோரும் சிறுநீர்ப்பாதைச் சிகிச்சை பெற்றவர்கள்தானே, தற்செயல்" என்பார் நண்பர். இருக்கலாம், அந்த வாதம் லேசானதல்ல. ஆனால் தற்செயலா இல்லையா என்று அன்றே பார்க்க வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இறந்தவரின் குடும்பத்துக்குச் செய்தி எட்டியது 1976-இல், பத்திரிகை வழியாக! வழக்குப் போட்டார்கள். 1981-இல் தள்ளுபடி: தொடர்பு நிரூபணமாகவில்லை, சோதனை நடத்துவது அரசின் விருப்புரிமை, அதாவது அரசே முடிவெடுக்கலாம், அதற்காக வழக்குப் போட முடியாது. ஆதாரத்தைத் தேடாமல் விட்டவரே 'ஆதாரம் எங்கே' என்று கேட்டு ஜெயித்தார்.

செயின்ட் லூயிஸ் நகரில் 1953-இல் கிருமிக்குப் பதிலாகத் தூவியது துத்தநாக காட்மியம் சல்ஃபைடு என்ற ரசாயனத் தூள். கேட்டவர்களுக்குச் சொன்ன பதில், எதிரி விமானத்திடமிருந்து ஊரை மறைக்கும் புகைத்திரை. காட்மியம் நச்சு உலோகம் என்பது அன்றைக்கும் தெரிந்ததுதான். அந்த அளவில் தீங்கு நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று நிபுணர் குழு அறிக்கை தந்தது 1997-இல். தூவிவிட்டு 44 வருஷம் கழித்துப் போட்ட கணக்கு, நடுவர் அவர்களே!

இப்படி 1949 முதல் 1969 வரை 239 திறந்தவெளிச் சோதனைகள் என்று 1977-இல் செனட் விசாரணையில் ராணுவமே ஒப்புக்கொண்டது. அந்த 239-இல் எத்தனைக்கு ஊர்மக்களிடம் சம்மதம் கேட்டார்கள்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.