பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தையே தின்று வாழும் பாக்டீரியா: மகிழ்வதா, அஞ்சுவதா?

வணக்கம். பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே தயாரித்த ஆன்டிபயாட்டிக்கை மட்டுமே உணவாகக் கொண்டு வளரும் பாக்டீரியாக்கள் மண்ணில் இருக்கின்றன. 2008இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 11 வகை மண்ணில் 18 ஆன்டிபயாட்டிக்குகளைச் சோதித்தார்கள். அவற்றுள் 13 முதல் 17 மருந்துகள் வரை தின்று வளரும் பாக்டீரியாக்கள் ஒவ்வொரு மண்ணிலும் கிடைத்தன.

இந்த மருந்துகள் நீரிலும் கலக்கின்றன. நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. மருந்து ஆலைக் கழிவின் கதை அதைவிடப் பெரிது.

(திரையில்: ஹைதராபாத் அருகே பட்டன்செருவின் வரைபடம்)

ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் என்னும் ஆன்டிபயாட்டிக் இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். அந்த நீரில் 16 லிட்டரை ஒரு வாளியில் பிடித்தால், அதற்குள் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கரைந்திருக்கும்! ஒரே நாளில் வெளியேறிய அளவை 45 கிலோ என்று மதிப்பிட்டார்கள். அது 90,000 மாத்திரைகளுக்குச் சமம்.

இதை நுண்ணுயிர்களே சிதைத்துவிடாதா? இங்குதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. பெனிசிலினைத் தின்னும் மண் பாக்டீரியா, தேங்காயைத் தின்பவரைப் போலவே வேலை செய்கிறது. முதலில் பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதி மருந்தின் நான்கு அணு வளையத்தை உடைக்கிறது. அந்தக் கணமே மருந்து தன் கொல்லும் திறனை இழக்கிறது. பிறகு அமிடேஸ் என்னும் இன்னொரு நொதி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பகுதியைப் பருப்பைப் போலத் தோண்டி எடுக்கிறது. அவ்வாறு கிடைக்கும் ஃபீனைல் அசிட்டிக் அமிலத்தை பாக்டீரியா எரித்து ஆற்றலாக்கிக்கொள்கிறது. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வழியை 2018இல் விளக்கியதோடு நில்லாமல், பெனிசிலினைத் தின்று வளரும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவையும் உருவாக்கிக் காட்டினார்கள்.

ஆனால் அந்த முதல் வெட்டைக் கவனியுங்கள். மருத்துவமனையில் மருந்தைத் தோற்கடிக்கும் நொதியும் அதே பீட்டா-லாக்டமேஸ்தான். பெனிசிலினை அழிக்கும் இத்தகைய நொதியை ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆபிரகாமும் செயினும் 1940லேயே, அந்த மருந்து பரவலான சிகிச்சைக்கு வருவதற்கு முன்பே, விவரித்துவிட்டார்கள். ஆகவே இந்த பாக்டீரியாக்களை ஆற்றில் அப்படியே விட்டால், அந்த நொதியை உருவாக்கி மருந்தைச் சுத்தம் செய்யும் மரபணுவே நோய்க்கிருமிகளுக்கும் போய்ச் சேரக்கூடும். பட்டன்செரு நிலையத்தில் உயிரியல் சுத்திகரிப்பு நன்றாக நடக்க வேண்டுமென்று வீட்டுக் கழிவுநீரையும் சேர்த்தார்கள். மனிதக் குடலின் பாக்டீரியாவையும் அத்தனை அடர்த்தியான மருந்தையும் ஒரே தொட்டியில் சந்திக்க வைத்தது பெரும் தவறு என்றே நான் கருதுகிறேன்.

எனக்கு நம்பிக்கை தருவது பூஞ்சை. சிப்ரோஃப்ளாக்ஸசின் மனிதன் ஆய்வகத்தில் உருவாக்கிய மூலக்கூறு. அதை பாக்டீரியா எளிதில் சிதைப்பதில்லை. ஆனால் மரத்தை அரிக்கும் குளோயியோஃபில்லம் ஸ்ட்ரையேட்டம் என்னும் பழுப்பு அழுகல் பூஞ்சை, இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொண்டு தன் உடலுக்கு வெளியிலேயே ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் என்னும், எதனோடும் உடனே வினைபுரியும் துகள்களை உண்டாக்கி அதைச் சிதைப்பதை, ஜெர்மனியில் 1990களில் கண்டறிந்தார்கள். இந்த வழிக்கு பாக்டீரியாவின் எதிர்ப்பு மரபணு தேவையே இல்லை!

கழிவுநீரில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா பூஞ்சையை மிஞ்சி வளர்ந்துவிடுவது இதில் உள்ள தடை. எனவே நீரின் அளவு குறைவாக இருக்கும் ஆலையின் வெளியேற்றுக் குழாயிலேயே, வீட்டுக் கழிவு கலப்பதற்கு முன்பே, பூஞ்சைத் தொட்டியை வைக்க வேண்டும் என்பேன். கழிவுநீர்த் துறையில் பணியாற்றுவோர் இது நடைமுறையில் எவ்வளவு சாத்தியம் என்று கமெண்டில் எழுதுங்கள்.