ஆறுக்கு ஆறு எடுத்தால் ரேட்டிங் எவ்வளவு?

வணக்கம் நேயர்களே. செஸ் போட்டி முடிந்ததும் பெர்ஃபாமன்ஸ் ரேட்டிங் என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் குகேஷ் 11-க்கு 9 எடுத்தாரே, அதற்கு 2867 வந்தது. அந்தப் போட்டியில் மட்டும் எந்த ரேட்டிங் (ஆட்டத் திறனைச் சொல்லும் எண்) உள்ளவர் அளவுக்கு ஆடினார் என்பதுதான் அந்த எண். எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கை எடுத்துக்கொண்டு, எடுத்த புள்ளி எத்தனை சதவீதம் என்று பார்த்து, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணையில் அதற்கு நேராக இருப்பதைக் கூட்டினால் ஆயிற்று. 75 சதவீதத்துக்கு 193, 99-க்கு 677.

சரி, நூறு சதவீதம் என்றால்?

இங்கேதான் கணக்கு உடைகிறது. ரேட்டிங் கணக்கிடும் எலோ சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் முடிவிலி வரும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஜெயித்தவர் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்ல ஒரு டிராவாவது, ஒரு தோல்வியாவது வேண்டும், அது இல்லை. அதனால் ஃபிடே 800 என்று ஒரு எண்ணை வைத்து நிறுத்திவிட்டது. பூஜ்யம் எடுத்தால் 800 கழியும்.

1971-ல் டென்வரில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் சுற்று) அரையிறுதியைப் பாருங்கள். அமெரிக்காவின் பாபி ஃபிஷர் ரேட்டிங் 2760, டென்மார்க்கின் லார்சன் 2660, முடிவு ஃபிஷருக்கு 6-0. இந்த முறைப்படி ஃபிஷருக்கு 3460, லார்சனுக்கு 1960! உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர், ஆறு ஆட்டம் தோற்றதற்காக ஒரு சாதாரண கிளப் ஆட்டக்காரர் ஆகிவிடுவாரா? எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. இன்னொன்று, ஒரே ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்தவருக்கும் அதே 800தான், பதினொன்றையும் ஜெயித்தவருக்கும் அதே 800தான். அப்புறம், 2600 உள்ளவரை ஜெயித்தால் 3400, அடுத்து 2000 உள்ளவரையும் ஜெயித்தால் சராசரி 2300 ஆகி 3100-க்கு இறங்கிவிடும். ஜெயித்ததற்குத் தண்டனை!

இதற்கு எனக்குப் பிடித்த வழி, சராசரி ரேட்டிங் உள்ள ஒரு கற்பனை எதிராளியோடு ஒரு டிரா சேர்த்துக்கொள்வது. ஆறுக்கு ஆறு என்பது ஏழுக்கு ஆறரை ஆகும், சூத்திரம் 446 என்று விடை சொல்லும். ஃபிஷருக்கு 3106, லார்சனுக்கு 2314, இரண்டும் நம்பும்படி இருக்கிறது. ஒரு வெற்றிக்கு 191, பதினொன்றுக்கு 545 என்று ஆட்டம் கூடக்கூட எண்ணும் ஏறும்.

கற்பனை டிராவா என்று முகம் சுளிக்க வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து, புதிதாக ரேட்டிங் வாங்குபவர்களுக்கு 1800 உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளோடு டிரா செய்ததாக ஃபிடேயே சேர்த்துக் கணக்கிடுகிறது. முதல் போட்டியில் பூஜ்யம் எடுத்தால் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. புதியவர்களுக்கு ஒத்துக்கொண்டதை 6-0-க்கும் ஒத்துக்கொள்ளட்டும், அட்டவணையில் அந்த இரண்டு 800-களை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.